தேறல்: தெளிந்த கள்ளா, காய்ச்சி வடித்த மதுவா?

சங்கச் செய்யுட்களில் பயிலும் 'தேறல்' என்னும் சொல்லுக்கு 'வடித்த மது' என்று பொருள் எழுதுவோர் உளர். இப்பொருள் தன்னளவில் பிழையுடையது அன்று. ஆயினும் 'வடித்தல்' என்னும் வினை தமிழில் இரு தொழில்களைக் குறிக்கும். சோற்றைக் கஞ்சியினின்று பிரித்தலும் வடித்தலே. ஒரு நீர்மத்தைக் கொதிக்கவைத்து, அதன் ஆவியைக் குளிர்வித்துத் துளியாக்கித் தனியே பெறுதலும் வடித்தலே. முதற்பொருளில் எழுதப்பட்ட உரையை இரண்டாம் பொருளில் படித்தமையால், சங்ககாலத் தமிழர் சாராயம் காய்ச்ச அறிந்திருந்தனர் என்னும் கருத்துச் சில நூல்களிற் புகுந்துவிட்டது. இதனை ஆராய்தற்குச் சொல்லாராய்ச்சி மட்டும் போதாது. ஆல்ககால் உண்டாகும் முறையைக் கூறும் வேதியியலின் துணையும் வேண்டும்.

சர்க்கரைக் கரைசலில் ஈஸ்ட்டு என்னும் நுண்ணுயிர் வாழ்கையில், சர்க்கரை எத்தில் ஆல்ககாலாகவும் கரியமிலவாயுவாகவும் பிரிகின்றது. இம்மாற்றத்தை எடைக்கணக்கால் முதன்முதல் ஆராய்ந்தவர் லவாய்சியர், ஆண்டு 1789. பின்னர் 1815இல் கே-லுசாக் அதற்குச் சமன்பாடு வகுத்தார். அதன்படி 180 கிராம் குளுக்கோசிலிருந்து 92 கிராம் ஆல்ககாலும் 88 கிராம் கரியமிலவாயுவும் கிடைத்தல் வேண்டும். இஃது உயிரின் செயலே என்று பாஸ்டர் 1857 முதல் நிறுவலானார். உயிரணுவினின்று பிழிந்தெடுத்த சாறும் இதனைச் செய்யவல்லது என்று 1897இல் பூக்னர் காட்டினார். நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாத செய்தி பிறிதொன்று. ஆல்ககால் பெருகப்பெருக அதனை ஆக்கிய ஈஸ்ட்டே செயலற்றுப் போகின்றது. ஆதலின் நொதித்தலால் மட்டும் பெறும் மதுவில் ஆல்ககால் நூற்றுக்குப் பதினைந்து பங்கு அளவினைக் கடத்தல் அரிது. அதற்கு மேற்பட்ட வலிமை வேண்டின், ஆல்ககால் 78.4 பாகையிலும் நீர் 100 பாகையிலும் கொதிக்கும் வேற்றுமையைப் பயன்படுத்திக் காய்ச்சி வடித்தல் வேண்டும். இதற்கு ஆவியைச் செலுத்தும் குழாயும், குளிர்விக்கும் அமைப்பும், துளியை ஏற்கும் கலமும் தேவை. இவற்றுள் ஒன்றேனும் நம் பழம்பாடல்களிற் கூறப்பட்டுள்ளதா என்பதே வினா.

மது ஆக்கும் முறையைச் சங்க இலக்கியத்தில் நிரல்படக் கூறும் பகுதி பெரும்பாணாற்றுப்படையில் உள்ளது. தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய இப்பாட்டில், வலைஞர் குடியிருப்பில் பாணர் பெறும் விருந்தாக அது வருகின்றது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கின்றனர்; அகன்ற வாயையுடைய பிழாவில் ஊற்றி ஆறவைக்கின்றனர்; நல்லடை என்பதனைக் கலக்கின்றனர்; இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் முதிரவிடுகின்றனர்; பின் வெந்நீரில் அரித்து, விரலால் அலைத்துப் பிழிகின்றனர்.

இப்பகுதியை வேதியியல் அறிந்த ஒருவர் படிப்பின் வியப்பே அடைவர். அரிசியில் உள்ளது மாவுப்பொருள். ஈஸ்ட்டு அதனை உண்ணாது. முதலில் மாவுப்பொருள் சர்க்கரையாதல் வேண்டும். வேகவைத்தலால் மாவுமணிகள் நீரை ஏற்று வீங்கி நெகிழ்கின்றன. அதன்பின் அவற்றைச் சர்க்கரையாக்க ஒரு நொதி வேண்டும். அந்நொதியோ மிகுந்த வெப்பத்தில் அழிந்துவிடும். களியை ஆற்றிய பின்னரே அடையைச் சேர்த்தனர் என்று புலவர் முறைபிறழாது கூறுவதன் பொருத்தம் இதனால் விளங்கும். சுடுகளியில் அதனைச் சேர்த்திருப்பின் மது விளைந்திராது. வலைஞர் காரணத்தை அறிந்திலர், முறையை அறிந்திருந்தனர்.

நல்லடை யாது என்பதில் கருத்து வேறுபாட்டிற்கு இடமுண்டு. முளையை இடித்துச் சேர்த்ததாக நச்சினார்க்கினியர் உரைப்பர். தானியம் முளைக்கையில் மாவைச் சர்க்கரையாக்கும் டயஸ்டேஸ் மிகுதியாகத் தோன்றும். பாயனும் பெர்சோவும் 1833இல் அதனை முளைத்த வாற்கோதுமையிலிருந்தே பிரித்தெடுத்தனர். எனவே உரைகாரர் கூற்று அறிவியலோடு முரணாது. எனினும் பாட்டில் அவ்வடை, புற்றினுள் இருக்கும் குரும்பிக்கு உவமிக்கப்பெறுகின்றது. அதன் புறம் பூம்புறம் எனப்படுகின்றது. கறையான் வளர்க்கும் குரும்பி நுண்துளையுடையது, வெண்பூஞ்சை படர்ந்தது. நம் வழக்கிலும் பூசணம் 'பூத்தது' என்றே கூறுகிறோம். ஆதலின் நல்லடை என்பது பூஞ்சை படரவிட்டு உலர்த்திய அரிசிமா அடையாக இருத்தலும் கூடும் என்பது என் கருத்து. மாவைச் சர்க்கரையாக்கும் ஆற்றல் பூஞ்சைகள் சிலவற்றிற்கும் உண்டு. சோட்டா நாகபுரிப் பகுதியின் சாந்தாலர் 'ரானு' என்னும் உலர்ந்த உருண்டையைச் சோற்றிற் கலந்து 'ஹண்டியா' என்னும் அரிசிமது ஆக்குவது இன்றும் காணத்தக்கது. அர்த்தசாத்திரம் கூறும் 'கிண்வம்' என்னும் ஊக்கியும் இவ்வினத்ததே. உவமைக்கு நேரே பொருந்துவது இவ்விளக்கமே எனத் தோன்றுகின்றது.

'வெந்நீர்' என்னும் சொல்லைக் கொண்டு ஈண்டுக் காய்ச்சி வடித்தல் கூறப்பட்டது என்பார்க்கு விடை எளிது. ஆவியைப் பிடிக்கும் கலம் யாதும் கூறப்படவில்லை. விரலால் அலைத்துப் பிழிதல் என்பது சக்கையோடு கூடிய கூழுக்கே பொருந்தும். ஆவி குளிர்ந்த துளியில் அலைத்துப் பிழிதற்கு என்ன இருக்கின்றது? மேலும் மூடாத கலத்திற் சூடேற்றின் முதலில் வெளியேறுவது ஆல்ககாலே. மது வலிமை குன்றுமேயன்றிப் பெருகாது. இவ்வாறே இப்பாட்டின் பிறிதோரிடத்தில் இல்லில் அட்ட கள்ளாகத் தோப்பி கூறப்படுவதும் காய்ச்சி வடித்தலுக்குச் சான்றாகாது. அரிசிமதுவுக்கு அரிசியை அடுதல் வேண்டும், அடுதல் அவ்வளவே.

இனி மதுவின் பெயர்களை நோக்குவோம். பிழிதலால் பிழி, அரித்தலால் அரியல், நறுமணத்தால் நறவு. தேறல், 'தேறு' என்னும் வினையடியாகப் பிறந்தது, தேறுதல் தெளிதலாகும். கலங்கிய நீரைத் தெளிவிக்கும் கொட்டைக்குத் தேற்றாங்கொட்டை என்று பெயரிட்டவர் தமிழர். பானையின் உட்புறத்தில் அக்கொட்டையை இழைத்து நீரை ஊற்றினால் சேறு அடியில் தங்கும், நீர் தேறும். தேறலும் அவ்வாறே, மண்டி அடியிற் படிந்தபின் மேலே நின்ற தெளிவு. வடமொழியிலும் அர்த்தசாத்திரத்தின் மதுவகைகளுள் ஒன்றற்குப் 'பிரசன்னா' என்று பெயர். அதன் பொருளும் தெளிந்தது என்பதே. இவ்விரு மொழிப் பெயர்களும் ஒன்றையொன்று வலியுறுத்துகின்றன. ஆவி, துளி, குளிர்வித்தல் என்னும் கருத்துத் தோன்றும் மதுப்பெயர் ஒன்றும் சங்கச் சொற்களில் எனக்குக் கிட்டவில்லை.

வலிமையைக் காட்டி வாதிப்போர் கூற்று சற்றுக் கருதத்தக்கது. புறநானூற்று 392ஆம் பாட்டில் ஔவையார் தேறலின் கடுமையைத் தேளின் கடுப்புக்கு ஒப்பிடுகின்றார். சிறுபாணாற்றுப்படை சினந்த பாம்பை உவமை கூறும். இத்துணைக் கடுமை கள்ளுக்கு உண்டோ என வினவுவர். ஆனால் ஔவையார் அத்தேறலை நாட்பட்டது என்றே சிறப்பிக்கின்றார். நாட்படுதலால் எஞ்சிய சர்க்கரையும் ஆல்ககாலாகி இனிப்பு நீங்கிக் கடுப்பு மிகும். ஆவியாய்ப் பிரித்த மதுவின் கடுமைக்கு நாள் வேண்டுவதில்லை, அன்றே கடுக்கும். ஆகவே அவ்வடை மறுதலைக்கே சான்றாகின்றது.

நாட்படவைத்தல் எளிதன்று என்பதையும் இங்குக் குறித்தல் தகும். காற்றுப்படின் ஒருவகை நுண்ணுயிர் ஆல்ககாலை உயிர்க்காற்றோடு சேர்த்து அசெட்டிக் அமிலமாக்கும், மது காடியாகும். இதனைத் தடுக்கக் காற்றையும் வெப்பத்தையும் விலக்குதல் வேண்டும். பாரியின் பறம்பைப் பாடும் கபிலர் (புறம் 120) நிலத்திற் புதைத்து முதிர்ந்த மதுவைக் கூறுகின்றார். மலைபடுகடாமும் திருமுருகாற்றுப்படையும் மூங்கிற் குழாயில் விளைந்த தேறலைக் கூறுகின்றன. மண் வெப்பத்தை நிலைப்படுத்தும். வாய் அடைத்த குழாய் காற்றைத் தடுக்கும். அவ்வமயம் ஆல்ககாலும் அமிலங்களும் கூடி எஸ்டர் என்னும் மணப்பொருள்கள் சிறிது சிறிதாகத் தோன்றும். நறவு என்னும் பெயரின் மணத்திற்கு, மலரும் தேனும் சேர்த்தமையேயன்றி இதுவும் ஒரு காரணமாகலாம்.

யவனர் நன்கலத்திற் கொணர்ந்த தேறலை நக்கீரர் புறம் 56இல் கூறுகின்றார். அது கொடிமுந்திரி மது ஆதல் வேண்டும். அக்கால உரோமர் மதுவைக் காய்ச்சி வடித்துக் குடித்தனர் என்பதற்குச் சான்றில்லை. ஐரோப்பாவில் அம்முறை தெளிவாக அறியப்படுவது பன்னிரண்டாம் நூற்றாண்டில், சலேர்னோ மருத்துவப் பள்ளியின் காலத்திலேதான். எனவே யவனர் கலத்து மதுவையும் தேறல் என்றே புலவர் வழங்கியமை அச்சொல்லின் பொருளை உறுதிசெய்கின்றது.

வடமேற்கு எல்லையின் நிலை வேறு. தட்சசீலத்திலும் சார்சத்தாவை அடுத்த சேக்கான் தேரியிலும் கிடைத்த மட்கலங்களை வடிகலத் தொகுதிகள் என்று கொண்டு, காய்ச்சி வடித்தலின் தாயகம் இந்தியாவே ஆகலாம் என 1979இல் ஆல்ச்சின் எழுதினார். அக்கலங்கள் மதுவுக்கே பயன்பட்டன என்பதை ஐயுறுவோரும் உளர். இந்திய மதுவரலாறு பற்றி 2021இல் விரிநூல் வெளியிட்ட மெக்ஹியூ எழுத்துச் சான்றுகளை இன்னும் எச்சரிக்கையோடு நோக்குகின்றார். ஆல்ச்சின் கருத்து உண்மையே எனினும், காந்தாரத்தில் இருந்த கலம் கொண்டு பறம்பின் தேறலுக்குப் பொருள் கூறுதல் முறையாகாது.

தமிழில் காய்ச்சி வடித்தலுக்கு உரிய சொல் 'வாலை' என்பது. வாலையில் வடித்தல் மருத்துவ நூல்களிற் பெருவழக்கு. சாராயம் என்னும் சொல்லும் சங்க நூல்களுக்குப் பிற்பட்டதே. வாலைத் தொழில் தமிழ்நாட்டிற்கு எப்போது வந்தது என்பதை அறியச் சித்தர் பெயரால் வழங்கும் நூல்களின் காலத்தை முதலில் வரையறுத்தல் வேண்டும். அப்பணி சுவடி ஒப்புநோக்கும் மாணவர்க்கு உரியது. 'அரக்' என்னும் அரபுச் சொல் வியர்வையைக் குறிப்பது; கலத்தின் மேல் அரும்பும் துளியைக் கண்டு மதுவுக்கு ஆயிற்று. ஆல்ககால் என்பதும் அரபு மூலத்ததே. கண்ணுக்கிடும் மையின் நுண்பொடிக்குப் பெயராயிருந்த அது, பதினாறாம் நூற்றாண்டில் பராசெல்சசு காலத்தில் மதுவின் நுண்சாரத்துக்கு ஏறிற்று. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் அற்ககோல் என்றும், தமிழ்நாட்டு நூல்கள் ஆல்ககால் என்றும் எழுதுகின்றன. மதுசாரம் என்பாரும் உளர். இவற்றுள் எதனையும் கொள்ளலாம். தேறலை மட்டும் இவ்விடத்தில் வைத்தல் வேண்டா; அச்சொல் சாடியின் அடியில் மண்டி படிந்தபின் மேலே நின்ற தெளிவுக்கு உரியது.