பாற்சொல்லும் மாந்தர் மதிப்பும்

வன்னி நாட்டின் பழைய ஆட்சித் தலைவர்கள் வன்னியர் எனப்பட்டனர். அப்பதவியைப் பெண்ணொருத்தி தாங்கியவிடத்து அவளை வன்னிச்சி என வழங்கினர். 1895 ஆம் ஆண்டில் ஜே. பி. லூயிஸ் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைந்நூல், ஒல்லாந்தரை எதிர்த்து நின்ற வன்னிச்சியைப் பற்றியும் கூறுகின்றது. பதவி ஒன்றே, விகுதியோ ஆளை நோக்கி மாறியது. ஆளுக்கேற்பச் சொல் அமைதல் வேண்டுமேயன்றிச் சொல்லுக்கேற்ப ஆள் அமைதல் வேண்டா என்பது இதனாற் பெறப்படும்.

இனி, பிறப்பிற் குறிக்கப்பெற்ற பால் ஒன்றாகவும் தாம் உணரும் பால் பிறிதாகவும் உள்ளாரை எவ்வாறு சுட்டுவது? இவ்வினா தமிழுக்குப் புதிதன்று. இத்தகையோரைக் குறிக்கும் பெயர்களுக்கெனத் தனிப் பால் விகுதி இல்லை என்று கண்ட தொல்காப்பியர், அவை உயர்திணை முடிபையே கொள்ளும் என விதித்தார். 13 ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் மேலும் ஒருபடி சென்றார். பெண்மை விட்டு ஆண்மையை அவாவுவோரை ஆண்பாலிலும், ஆண்மை விட்டுப் பெண்மையை அவாவுவோரைப் பெண்பாலிலும் அடக்கினார். உடலையன்றி உள்ளத்தின் அவாவையே அவர் அளவுகோலாகக் கொண்டமை கருதற்பாலது. ஆயினும், அவர்களை அஃறிணை போலக் கூறவும் அதே நூற்பா இடந்தருகின்றது. பெருமையைப் பேசுவோர் இக்குறையை மறைத்தல் தகாது.

செந்தமிழில் 'அவர்' இருபாற்கும் பொது. வன்னிப் பேச்சு வழக்கிலோ, 'அவர்' ஆணையும் 'அவ' பெண்ணையும் மதிப்போடு சுட்டும். ஆகவே, ஈண்டு மதிப்புச் சொல் ஒன்றைக் கூறிய அளவிற் கடமை முடிவதில்லை. எச்சொல் உரியது என்பதை உரியவரிடமே அறிதல் வேண்டும்.

சட்டமும் இவ்வழியே நடக்கத் தலைப்பட்டுள்ளது. தம் பாலைத் தாமே உறுதிசெய்யும் உரிமையை இந்திய உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 இல் ஏற்றது. இலங்கைச் சுகாதார அமைச்சின் 2016 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை, பால்நிலை ஏற்புச் சான்றிதழை ஏற்படுத்தியது. மனநல மருத்துவர் ஒப்பமிட்ட அச்சான்றிதழைக் கொண்டு பிறப்புப் பதிவிலும், அதன் வழியே தேசிய அடையாள அட்டையிலும் பாற்குறிப்பைத் திருத்தலாம். 2009 வரை நிகழ்ந்த போரின்போது சோதனைச் சாவடிதோறும் அட்டை காட்டி வாழ்ந்த வன்னி மக்கள், அட்டையும் ஆளும் பொருந்தாவிடின் நேரும் இடரை நன்கறிவர்.

பதிவேட்டைத் திருத்த மருத்துவர் கையொப்பம் வேண்டும். ஆனால், மாணவர் ஒருவரை அவர்க்குரிய பெயராலும் பாற்சொல்லாலும் ஆசிரியர் அழைப்பதற்கு எவர் கையொப்பமும் வேண்டியதில்லை. நன்னூல் கற்பிக்கும் வகுப்பிலேயே அது தொடங்கலாம்.