பள்ளிக்குத் தொலைவான வீடு: மதீனாவின் முதல் தலைமுறை எங்கே குடியிருந்தது?

புதிதாக மணமுடித்தவர்கள் வீடு தேடிப் புறப்படும்போது நம் மஹல்லாக்களில் வழக்கமாக எழும் கேள்வி ஒன்று உண்டு. பள்ளிவாசல் தெருவிலேயே ஒரு சிறு வீட்டை அதிக வாடகைக்கு எடுப்பதா, அல்லது பேருந்தில் அரைமணி நேரம் செல்லவேண்டிய புறநகரில் கைக்கு அடங்கும் வாடகையில் குடியேறுவதா? தெருவை விட்டுப் போக மனமில்லாத சிலர், வீட்டு அட்வான்ஸுக்காக வட்டிக்குக் கடன் வாங்கிவிடுகின்றனர். வருமானத்துக்கு ஏற்பப் புறநகருக்குச் செல்லும் சிலரோ, பாங்கோசை எட்டாத இடத்தில் குடியேறிவிட்டோமே என்ற குற்ற உணர்வோடு நாள்களைக் கழிக்கின்றனர். பள்ளிக்கு அருகில் வாழ்பவர்தாம் சமுதாயத்தின் நடுவில் இருப்பவர், தொலைவில் வாழ்பவர் விளிம்பில் இருப்பவர் என்ற எண்ணம் நம்மை அறியாமலேயே நம்முள் வேரூன்றியிருக்கிறது. இந்த எண்ணம் சரிதானா என்பதை அறிய, நபி (ஸல்) அவர்களின் மதீனாவில் மக்கள் எங்கே குடியிருந்தார்கள், எவ்வாறு வீடு பெற்றார்கள் என்பதைச் சற்று நோக்குவோம்.

கி.பி. 622இல் ஹிஜ்ரத் நிகழ்ந்தபோது யஸ்ரிப் என்பது இன்று நாம் கற்பனை செய்வதுபோல் ஒரே நெருக்கமான நகரமாக இருக்கவில்லை. பேரீச்சந்தோப்புகளுக்கிடையே ஒவ்வொரு குலத்தாரும் தனித்தனிக் குடியிருப்புகளாக வாழ்ந்துவந்தனர். தெற்கே குபா ஒரு குடியிருப்பு. மேட்டுப்பகுதியான அவாலீயில் பல குடியிருப்புகள். வடமேற்கே பனூ ஸலிமாவின் வீடுகள். மக்காவிலிருந்து வந்த முஹாஜிர்களில் பலர் வீட்டையும் பொருளையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்கள். அவர்களுக்கு முதல் தேவை இரவில் தலைசாய்க்க ஓரிடம்.

அந்தத் தேவை நிறைவேறிய முறை கவனிக்கத்தக்கது. முஹாஜிர்களை யார் யார் வீட்டில் தங்கவைப்பது என்பதை அன்ஸார்கள் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தனர் என்று அன்ஸாரிப் பெண்மணி உம்முல் அலா (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி புகாரி தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. வசதியான விருந்தாளியை ஒருவர் தேர்ந்தெடுத்துக்கொள்வதற்கோ, வறியவரை மற்றொருவர் தட்டிக்கழிப்பதற்கோ அங்கு இடமில்லை. உம்முல் அலா (ரலி) அவர்களின் குடும்பத்துக்குக் கிடைத்தவர் உஸ்மான் பின் மழ்ஊன் (ரலி) அவர்கள். பின்னர் அவர் நோயுற்றபோது அந்த வீட்டார்தாம் பணிவிடை செய்தனர். அவர் உயிர் நீத்ததும் அந்த வீட்டில்தான். இரத்த உறவில்லாத ஒருவருக்குக் கூரை கொடுத்த குடும்பம், அவருடைய கடைசி மூச்சு வரை அவரைத் தம்மவராகவே நடத்தியது.

ஆனால் இந்த விருந்தோம்பலை முஹாஜிர்கள் நிரந்தர ஏற்பாடாக ஆக்கிக்கொள்ள விரும்பவில்லை. ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் சரிபாதியைத் தர முன்வந்தபோது, அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் அவருக்காகத் துஆச் செய்துவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்கள். கைனுகா சந்தைக்குச் சென்று பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்று, தம் சொந்தக் காலில் நின்றார்கள். கொடுப்பவர் பாதியைக் கொடுக்கத் துணிந்தார். பெறுபவர் தம் தேவைக்கு மேல் பெற மறுத்தார்.

நபி (ஸல்) அவர்களே அப்போது மற்றொருவர் வீட்டில்தான் தங்கியிருந்தார்கள். அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரலி) அவர்களின் வீடு இரண்டு அடுக்குகள் கொண்டது. தம்மைக் காண வருவோருக்கு எளிதாக இருக்கும் என்பதால் நபியவர்கள் கீழ்த்தளத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருநாள் மேலே தண்ணீர்ப் பானை உடைந்துவிட, கீழே ஒழுகிவிடுமோ என்று அஞ்சிய அபூ அய்யூப் தம்பதியர், தம்மிடமிருந்த ஒரே போர்வையால் அந்தத் தண்ணீரைத் துடைத்தெடுத்தனர் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஒரே கூரையின் கீழ் இரு குடும்பங்கள் வாழும் சிரமத்தை அறிந்தவர்களுக்கு அந்த இரவின் பதற்றம் நன்றாகவே விளங்கும்.

பின்னர் பள்ளிவாசலுக்கு இடம் தேவைப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரு அநாதைச் சிறுவர்களுக்கு உரிய, பேரீச்சம் பழம் உலர்த்தும் களம். அவர்கள் அதை இலவசமாகவே தர முன்வந்தனர். நபி (ஸல்) அவர்கள் அவ்வாறு பெற மறுத்து, விலை கொடுத்தே வாங்கினார்கள். அல்லாஹ்வின் வீட்டுக்கே ஆனாலும் எளியவரின் நிலம் அன்பளிப்பு என்ற பெயரில் கைமாறக்கூடாது என்பதை அந்த ஊரின் முதல் நில விற்பனைகளில் ஒன்றே எடுத்துக்காட்டியது.

பள்ளிவாசலை ஒட்டி நபியவர்களின் குடும்பத்தாருக்காக எழுப்பப்பட்ட அறைகள் மிகச் சிறியவை. சுடாத மண்கல்லாலும் பேரீச்ச மட்டைகளாலும் ஆனவை. வாயிலில் திரைதான் தொங்கியது. தாம் பதின்ம வயதில் அந்த அறைகளுக்குள் சென்றபோது கையை உயர்த்தினால் கூரையைத் தொட முடிந்தது என்று ஹஸன் அல்பஸரீ (ரஹ்) அவர்கள் நினைவுகூர்ந்துள்ளார்கள். வீடே கிடைக்காதவர்களுக்குப் பள்ளிவாசலின் பின்பகுதியில் ‘ஸுஃப்பா’ என்னும் நிழற்கூரை இருந்தது. அபூ ஹுரைரா (ரலி) அவர்கள் அங்கு வாழ்ந்தவர்களுள் ஒருவர். மேலாடை கூட இல்லாத 70 பேரைத் தாம் அங்கு கண்டதாக அவர்கள் கூறியுள்ளார்கள்.

அப்படியானால் நபியவர்களுக்கு மிக நெருக்கமானவர்கள் எல்லாரும் பள்ளிவாசலைச் சுற்றியே குடியிருந்தார்களா? இல்லை. அபூபக்ர் (ரலி) அவர்கள் ‘ஸுன்ஹ்’ என்னும் வெளிப்பகுதியில் ஒரு குடும்பம் வைத்திருந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் மறைந்த நாளில் அங்கிருந்துதான் விரைந்து வந்தார்கள். கலீஃபாவாகப் பொறுப்பேற்ற பிறகும் ஏறத்தாழ ஆறு மாதங்கள் அங்கிருந்தே பெரும்பாலும் நடந்து வந்து பணியாற்றி, இஷாத் தொழுகைக்குப் பின் வீடு திரும்பினார்கள் என்று இப்னு ஸஅத் பதிவு செய்கிறார். அக்கம்பக்கத்து வீடுகளின் ஆடுகளில் பால் கறந்து கொடுப்பது அவர்களுடைய வழக்கம். ஆட்சித் தலைவர் ஆகிவிட்டாரே, இனி நமக்கு யார் பால் கறந்து தருவார் என்று ஒரு சிறுமி கவலைப்பட்டபோது, இனியும் கறந்து தருவேன் என்று உறுதி சொல்லி, அவ்வாறே செய்துவந்தார்கள்.

உமர் (ரலி) அவர்களின் வீடு அவாலீயில் இருந்தது. அப்பகுதியின் சில குடியிருப்புகள் நகரிலிருந்து ஏறத்தாழ 4 மைல் தொலைவில் இருந்தன. பிழைப்பையும் பார்த்துக்கொண்டு நாள்தோறும் நபியவர்களின் அவைக்கு வருவது இயலாத செயல். எனவே உமர் (ரலி) அவர்களும் அண்டைவீட்டு அன்ஸாரித் தோழரும் முறை வைத்துக்கொண்டனர். ஒருநாள் இவர் செல்வார். மறுநாள் அவர் செல்வார். சென்றவர் அன்று அருளப்பட்ட வஹீயையும் மற்றச் செய்திகளையும் திரும்பி வந்து மற்றவருக்குச் சொல்வார். தொலைவு என்ற சிக்கலுக்கு இரண்டு அண்டைவீட்டார் தம்மிடையே கண்ட தீர்வு இது. அவாலீயில் வாழ்ந்ததால் உமர் (ரலி) அவர்களின் மார்க்க ஞானம் குறைந்துவிட்டதாக யாரும் கருதியதில்லை.

நபியவர்களின் அன்பு மகள் ஃபாத்திமா (ரலி) அவர்களுக்கும் திருமணத்துக்குப் பின் அமைந்த முதல் வீடு தந்தையின் வீட்டிலிருந்து சற்றுத் தள்ளியே இருந்தது. மகளை அருகில் அழைத்துக்கொள்ள நபியவர்கள் விரும்பினார்கள். பள்ளிவாசலுக்கு அருகே வீடுகள் வைத்திருந்த ஹாரிஸா பின் நுஃமான் (ரலி) அவர்களிடம் கேட்கலாமே என்று ஃபாத்திமா (ரலி) கூறியபோது, அவர் ஏற்கெனவே நமக்காகப் பலமுறை இடம் விட்டுக்கொடுத்துவிட்டார், மீண்டும் கேட்க வெட்கமாக இருக்கிறது என்ற கருத்தில் நபியவர்கள் பதிலளித்தார்கள். இச்செய்தி எட்டியதும் ஹாரிஸா (ரலி) தாமாகவே வந்து வீட்டை ஒப்படைத்தார். கொடுக்கும் மனம் உள்ளவரிடமும் மீண்டும் கேட்கத் தயங்கிய அந்த நாணம், அதிகாரமும் செல்வாக்கும் உடையவர்கள் வீடு, நிலம் பெறும் விதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தக்கது.

நம் கேள்விக்கு நேரடியாகப் பதில் தரும் நிகழ்வு பனூ ஸலிமா குலத்தாருடையது. அவர்களுடைய வீடுகள் பள்ளிவாசலிலிருந்து தொலைவில் இருந்தன. இன்று மஸ்ஜிதுல் கிப்லதைன் அமைந்திருக்கும் பகுதி அவர்களுடையதே. பள்ளிவாசலைச் சுற்றிச் சில இடங்கள் காலியானபோது, தம் வீடுகளை விற்றுவிட்டு அருகே குடிவர அவர்கள் எண்ணினர். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்து, இருக்கும் இடத்திலேயே இருக்கும்படியும், பள்ளிக்கு அவர்கள் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியும் நன்மையாகப் பதிவாகிறது என்றும் அறிவுறுத்தினார்கள். புகாரியின் அறிவிப்பில் மற்றொரு காரணமும் காணப்படுகிறது. மதீனாவின் சுற்றுப்புறம் ஆளின்றி வெறுமையாகிவிடுவதை நபியவர்கள் விரும்பவில்லை. எல்லாரும் நடுவில் வந்து நெருங்கினால் ஊரின் விளிம்புகள் பாதுகாப்பிழந்து போகும். ஆகவே தொலைவில் வாழ்வோர், பள்ளிக்கு அருகே இடம் கிடைக்காமல் ஒதுங்கியவர்கள் அல்லர். ஊரை முழுமையாக நிலைநிறுத்துபவர்கள்.

உபை பின் கஅப் (ரலி) அவர்கள் கூறும் செய்தி ஒன்றும் இத்துடன் சேர்த்துப் பார்க்கத்தக்கது. தமக்குத் தெரிந்தவரையில் பள்ளிவாசலுக்கு மிகத் தொலைவில் வீடு கொண்டிருந்த ஒரு தோழர், ஒரு வேளை ஜமாஅத்தையும் தவறவிட்டதில்லை. இருளிலும் வெயிலிலும் ஏறிவர ஒரு கழுதை வாங்கிக்கொள்ளலாமே என்று அவரிடம் கூறப்பட்டது. தம் வீடு பள்ளியை ஒட்டி அமைவதையே தாம் விரும்பவில்லை என்றும், வருகின்ற நடையும் திரும்புகின்ற நடையும் தம் கணக்கில் எழுதப்பட வேண்டும் என்றும் அவர் பதில் கூறினார்.

எல்லாராலும் நடக்க இயலாது என்பதும் அங்கு உணரப்பட்டிருந்தது. இத்பான் பின் மாலிக் (ரலி) அவர்களுக்குக் கண்பார்வை மங்கியிருந்தது. மழை பெய்தால் அவருக்கும் அவருடைய குலத்தாரின் பள்ளிக்கும் இடையிலான ஓடையில் வெள்ளம் வந்துவிடும். தம் வீட்டில் ஓரிடத்தில் தொழுதுகாட்டினால் அதையே தொழுமிடமாக ஆக்கிக்கொள்வதாக அவர் வேண்டியபோது, மறுநாள் காலையிலேயே நபி (ஸல்) அவர்கள் அபூபக்ர் (ரலி) அவர்களுடன் அவர் வீட்டுக்குச் சென்று தொழுதார்கள். அருகில் வீடு மாறிக்கொள்ளுங்கள் என்று அவருக்குச் சொல்லப்படவில்லை.

நபியவர்களின் காலத்துக்குப் பின்னும் இந்தப் பண்பு தொடர்ந்தது. நபியவர்களால் விடுதலை செய்யப்பட்ட அபூ ராஃபிஉ (ரலி) அவர்களுக்கு ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்களின் வளாகத்தில் இரண்டு வீடுகள் இருந்தன. அவற்றை வாங்க 4000 திர்ஹத்துக்கு மேல் தர இயலாது, அதையும் தவணையாகத்தான் தர முடியும் என்று ஸஅத் (ரலி) கூறினார்கள். அன்றைய மதிப்பில் அது ஏறத்தாழ 400 தீனார். வேறொருவர் 500 தீனார் தருவதாகக் கேட்டிருந்தும், அண்டைவீட்டாருக்கே முன்னுரிமை என்ற நபிமொழியைத் தாம் செவியுற்றிருப்பதாகக் கூறி, குறைந்த விலைக்கே, தவணைக்கே, அபூ ராஃபிஉ (ரலி) அவற்றைக் கொடுத்தார்கள். ஸுபைர் பின் அவ்வாம் (ரலி) அவர்கள் தம் வீடுகளை அறக்கொடையாக்கியபோது, தம் பெண்மக்களில் மணவிலக்குப் பெற்றுத் திரும்புபவர் அவற்றில் வாழலாம் என்றும், மறுமணத்தால் தேவை நீங்கியவருக்கு உரிமையில்லை என்றும் நிபந்தனை விதித்தார்கள். தலைக்குமேல் கூரையின்றித் தவிக்கும் பெண்ணின் நிலையை அந்த வாசகம் முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருக்கிறது.

நபியவர்களின் குடும்பத்தார் வாழ்ந்த அச்சிறு அறைகள் ஹிஜ்ரீ 88இல் (கி.பி. 707) உமய்யா கலீஃபா வலீதின் ஆணைப்படி பள்ளிவாசல் விரிவாக்கத்துக்காக இடிக்கப்பட்டன. அன்று மதீனா மக்கள் அழுதனர். அவற்றை அப்படியே விட்டிருக்கலாம், வீடுகளைப் பெருக்கிக்கொள்ளும் ஆசையிலிருந்து மக்கள் பின்வாங்க அவை உதவியிருக்கும் என்ற கருத்தில் ஸயீத் பின் முஸய்யப் (ரஹ்) அவர்கள் வருந்தியதாக வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர்.

அந்த அறைகள் இன்று இல்லை. செய்திகள் நம்மிடம் உள்ளன. வருமானத்துக்கு ஏற்ற வாடகையில் புறநகரில் குடியேறும் இளைஞர், ஊரின் விளிம்பைக் காத்த பனூ ஸலிமாவின் வழியில் நடக்கிறார். அவர் வெட்கப்பட ஏதுமில்லை; பள்ளித் தெருவில் இருப்பதற்காக வட்டியில் வீழ்வதே அஞ்சத்தக்கது. அதே வேளையில் அவரை அங்கே தனியே விட்டுவிட்டு நடந்து வரும் நன்மையை மட்டும் எடுத்துரைப்பது மஹல்லாவுக்கு அழகன்று. அங்கே பத்துக் குடும்பங்கள் இருந்தால் ஒரு தொழுமிடம் அமைக்கலாம். பிள்ளைகளின் மக்தபுக்கு உஸ்தாதை அனுப்பலாம். உமர் (ரலி) அவர்களின் அண்டைவீட்டாரைப்போல் முறை வைத்துப் பயான் செய்திகளைப் பகிரலாம். வீடு வைத்திருப்பவர் அட்வான்ஸைக் குறைக்கலாம், தவணையாகப் பெறலாம். அதிக வாடகை தரும் ஒருவர் வந்துவிட்டார் என்பதற்காக ஓர் ஏழைக் குடும்பத்தைக் காலி செய்யச் சொல்லும் முன் அபூ ராஃபிஉ (ரலி) அவர்களை ஒருமுறை நினைக்கலாம்.

நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் நெருக்கடியில்லாத வீட்டையும், நல்ல அண்டைவீட்டாரையும், கடன்சுமையற்ற வாழ்வையும் அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.