புள்ளிக்கணக்கும் அணிப்பெருமையும்: சடுகுடுக் களத்திலிருந்து சில குறிப்புகள்

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட கடலை 1966 ஏப்ரலில் மிகிர் சென் நீந்திக் கடந்தார். 25 மணி 36 நிமிஷம். பொது அறிவுப் புத்தகங்களில் இந்த எண் நிலைத்துவிட்டது. கூடவே வந்த கடற்படைக் கப்பல்கள் அடிக்குறிப்பாகிப் போயின. 1994இல் குற்றாலீஸ்வரன் பன்னிரண்டு வயதில் இதே நீரிணையைக் கடந்தபோதும் நமக்குச் சொல்லப்பட்டவை எண்களே: வயது பன்னிரண்டு, ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகள், சென்னின் ஐந்து முறியடிப்பு. சிறுவனின் சாதனையை நான் குறைத்துப் பேசவில்லை. இன்றைக்கும் அங்கே நீந்த வருகிறவர்களுக்கு ராமேஸ்வரத்து மீனவரின் படகுதான் வழிகாட்டுகிறது. எந்த நேரத்தில் இறங்கினால் நீரோட்டம் கரைப்பக்கம் தள்ளும், எப்போது எதிர்த்து இழுக்கும் என்பது அவருக்குத் தெரியும். நீந்துகிறவருக்கு அது தெரியாது. சாதனைப் பட்டியலில் படகுக்காரருக்கென்று ஒரு பத்தி கிடையாது.

அதே கடலில் கொஞ்சம் வடக்கே, தொண்டிக் கரையில், கோயில் திருவிழாவையொட்டிப் பாய்மரப் படகுப் போட்டி நடக்கும். காற்று பாயை அமுக்கும்போது படகு கவிழாமலிருக்க, வெளியே நீளும் மரத்தில் ஆட்கள் ஏறி உட்கார்ந்து எடை கொடுக்க வேண்டும். ஒருவர் அரை நொடி தாமதித்தால் எல்லாரும் தண்ணியில். பரிசு அறிவிக்கும்போது 'இன்ன ஊர்ப் படகு' என்பார்கள். மரத்தில் தொங்கியவர் யார், சுக்கான் பிடித்தவர் யார் என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

ஒரே கடல், இரண்டு கணக்குமுறை. ஒன்றில் கூட்டம் மறைந்து ஆள் மட்டும் மிஞ்சுகிறார். மற்றதில் ஆள் மறைந்து படகு மட்டும் மிஞ்சுகிறது. விளையாட்டு வீரரைத் தனிப்பட்ட எண்ணை வைத்து மதிப்பிடுவதா, அணி ஜெயித்ததை வைத்தா என்று பத்திரிகைகளின் கடைசிப் பக்கத்தில் நடக்கும் சண்டையை நாம் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். உழைப்பை யார் எண்ணுகிறார், எதற்காக எண்ணுகிறார், எண்ணாமல் விடுவதால் யாருக்கு லாபம் என்ற கேள்விகள் அதற்குள் இருக்கின்றன. மாட்டுக் களத்தில்கூட இந்த இரண்டு முறையும் உண்டு. அலங்காநல்லூரில் யார் அதிக மாடு பிடித்தார் என்று எண்ணிக் கார் கொடுக்கிறார்கள். நம் பக்கத்து வடமாடு மஞ்சுவிரட்டில் கயிற்றில் கட்டிய ஒரு மாட்டுக்கு எதிராக ஒன்பது பேர் இறங்குகிறார்கள், பிடிபட்டால் பரிசு ஒன்பது பேருக்கும் பொது.

இந்தக் கேள்வியை விரித்துப் பார்க்கச் சடுகுடுவைவிடத் தோதான இடம் வேறில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்கிந்தியாவில் இதற்கு விதிமுறை எழுதியபோது அமர், காமினி, சஞ்சீவினி என்று மூன்று வகைகள் புழக்கத்தில் இருந்தன. அமரில் தொடப்பட்டவன் வெளியேற மாட்டான், எதிரணிக்குப் புள்ளி மட்டும் ஏறும். காமினியில் வெளியே போனவன் தன் அணி முழுக்க விழும்வரை வெளியேதான். சஞ்சீவினியில் எதிரணி ஆள் ஒருவன் 'அவுட்' ஆனால் நம் ஆள் ஒருவன் உயிர்த்து உள்ளே வருவான். 1950இல் அகில இந்தியக் கபடி சம்மேளனம் அமைந்து, 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டு வரை போன கபடி இந்த மூன்றாவது வகைதான். உயிர் என்பது இங்கே தனிச்சொத்து அல்ல. பாடிப்போகிறவன் தொட்டுவிட்டுக் கோட்டைத் தாண்டினால் புள்ளி மட்டும் வருவதில்லை, வெளியே உட்கார்ந்திருக்கும் இன்னொருத்தன் எழுந்து வருகிறான். அடுத்த நிமிஷம் அவன் பிடிக்கும் பிடியை யார் கணக்கில் எழுதுவீர்கள்?

பிடியும் அப்படியே. கார்னர் ஆள் கணுக்காலில் கை வைக்கிறான். அது மட்டும் போதாது, பாடி வந்தவன் உதறிவிட்டுப் போய்விடுவான். கவர் ஆள் இடுப்பில் மோத வேண்டும், இன்னும் இருவர் கோட்டை மறிக்க வேண்டும். நாலு பேர் மூச்சைப் பிடித்துச் செய்த வேலை. இன்றைய கணக்குமுறையில் பிடிப் புள்ளி ஒருவர் பெயரில்தான், பெரும்பாலும் பிடியைத் தொடங்கியவர் பெயரில், ஏறுகிறது. இன்னொன்று 'வெறும் ரைடு'. ஆட்டம் முடிய மூன்று நிமிஷம், நம் அணி இரண்டு புள்ளி முன்னால். அப்போது அனுபவசாலி ஒருத்தர் போய், தொடவும் மாட்டார் மாட்டவும் மாட்டார், முப்பது விநாடியைத் தின்றுவிட்டுத் திரும்புவார். கணக்கில் பூஜ்யம். 'அன்னிக்கு மேட்ச்சைக் காப்பாத்துனதே அவருதான்' என்று டீக்கடையில் பேசுவார்கள்.

இந்தப் பேச்சுதான் நெடுங்காலம் சடுகுடுவின் பதிவேடு. 2014இல் புரோ கபடி லீக் வந்தபோது ஏலம் வந்தது. ஏலத்துக்கு டீக்கடைப் பேச்சு உதவாது, விலை சொல்ல எண் வேண்டும். ரைடுப் புள்ளி, பிடிப் புள்ளி, பத்துப் புள்ளி எடுத்தால் 'சூப்பர் 10', ஐந்து பிடி பிடித்தால் 'ஹை 5' என்று உடலசைவுகள் நறுக்கப்பட்டுத் தனித்தனிப் பெயரில் வரவு வைக்கப்பட்டன. ரசிகனின் ஆர்வத்துக்காக மட்டும் வந்த ஏற்பாடல்ல இது. உழைப்புச் சக்தியை வாங்குகிறவனுக்கு அலகு தேவைப்படுகிறது.

அந்த அலகு ஆட்டத்தைச் சொல்கிறதா? 2017இல் பாட்னா அணியின் பர்தீப் நர்வால் 369 ரைடுப் புள்ளி எடுத்தார், பாட்னா கோப்பையும் வென்றது. எண்ணும் வெற்றியும் ஒன்று என்று சொல்ல ஆசை வரும். 2019இல் அதே பர்தீப் 300ஐத் தாண்டினார், பாட்னா முதல் ஆறு இடத்துக்குள்ளேயே வரவில்லை. அதே ஆண்டு தமிழ் தலைவாஸ் ராகுல் சௌத்ரி, அஜய் தாகூர், மஞ்சித் சில்லார் மூவரையும் ஒன்றாகச் சேர்த்தது. புள்ளிப் பட்டியலின் உச்சியில் இருந்த பெயர்கள். அணி கடைசி இடம் பிடித்தது. 2018இல் ஜகார்த்தாவில் லீக்கின் பெரிய ரைடர்கள் நிறைந்த இந்திய ஆண்கள் அணி அரையிறுதியில் ஈரானிடம் 18-27 என்று தோற்றது. 1990இலிருந்து கைவிட்டுப் போகாத தங்கம் போனது. ஈரானியர் நம் லீக்கிலேயே ஆடி, நம் ரைடர்களின் கால் எங்கே வரும் என்று பக்கத்திலிருந்து பார்த்தவர்கள்.

2022 இன்னும் விசித்திரம். தலைவாஸ் 2 கோடியே 26 லட்ச ரூபாய்க்குப் பவன் ஷெராவத்தை எடுத்தது. லீக்கில் அதுவரை யாருக்கும் அவ்வளவு விலை போனதில்லை. முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய்விட்டது, அந்தப் பருவம் முழுக்க அவர் ஆடவில்லை. ஊரே 'முடிஞ்சுச்சு கதை' என்றது. பாதியில் பயிற்சியாளரும் மாறினார். அந்த அணிதான் தன் வரலாற்றில் முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது. நரேந்தர் என்ற புது ரைடர் இருநூறுக்கு மேல் புள்ளி எடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் 'எண் தோற்றது, கூட்டுணர்வு வென்றது' என்று நாமும் ஒரு சினிமா எடுத்துவிடுவோம். ஆனால் அந்த இருநூறுக்குப் பின்னால் சாகர் ராட்டி தலைமையிலான பிடி ஆட்கள் மறுபடி மறுபடி அவரை உயிர்ப்பித்து உள்ளே அனுப்பினார்கள். சஞ்சீவினி விதியை ஒதுக்கிவிட்டு அந்த எண்ணைப் படிக்கவே முடியாது.

இடதுசாரி நண்பர்கள் இந்த இடத்தில் தலையாட்டுவார்கள். எண் முதலாளியின் கருவி, அணி மக்களுடையது, ஆகவே அணிதான் அளவுகோல் என்று முடித்துவிடத் தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. ராமநாதபுரத்தில் உட்கார்ந்துகொண்டு 'அணி' என்ற சொல்லை அவ்வளவு வெள்ளந்தியாக உச்சரிக்க முடியாது. 1957 செப்டம்பரில் முதுகுளத்தூர் வட்டாரத்துக்காகச் சமாதானக் கூட்டம் கூடியது. அதில் கலந்துகொண்டு பேசிய இம்மானுவேல் சேகரன் மறுநாள், 11ஆம் தேதி, பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். ஒரே வரிசையில் உட்காருவதே இங்கு பிரச்சினை. அப்படிப்பட்ட மண்ணில் சடுகுடு அணி என்பது பல ஊர்களில் ஒரு தெருவின் அணி, தெரு என்பது சாதி. 'ஊர் ஜெயித்தது' என்ற வாக்கியத்தில் ஊருக்குள் சேரி அடக்கமா என்று கேட்டுப் பாருங்கள்.

இதைச் சொல்ல எனக்குக் கிடைக்கிற ஆகப் பெரிய சாட்சி சடுகுடுவிலிருந்து அல்ல, கிரிக்கெட்டிலிருந்து. பல்வங்கர் பாலூ, 1876இல் பிறந்தவர், சாமர் சாதியினர். புனாவில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் ஆடுகளம் பராமரிக்கும் கூலியாக இருந்து, வலையில் அவர்களுக்குப் பந்து வீசியே இடதுகைச் சுழலைத் தேற்றிக்கொண்டவர். புனா இந்துக்கள் ஐரோப்பியரை ஜெயிக்க அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, மண் குவளையில். அணி இருந்தது, சமபந்தி இல்லை.

1911இல் அகில இந்திய அணி இங்கிலாந்து போனது. தலைவர் பட்டியாலா மகாராஜா. பெரும்பாலான ஆட்டங்களில் அவர் களத்திலேயே இல்லை. 23 ஆட்டத்தில் 6தான் வெற்றி. அணி வெற்றிதான் அளவுகோல் என்றால் அந்தப் பயணத்தில் எல்லாரும் தோற்றவர்கள், பாலூவும்தான். எண்ணோ வேறு சொல்கிறது: பாலூ 114 விக்கெட். இந்த எண்ணை ஏலம் எடுக்க எந்த முதலாளியும் இல்லை. ஆனால் இந்து ஜிம்கானாவின் பெரிய மனிதர்கள் 'திறமை போதாது' என்று வாய் திறக்க முடியாமல் செய்தது அதுதான். அப்படியும் தலைமை கொடுக்கவில்லை. அதற்கு அவர்கள் சொன்னவை எண்ணால் அளக்க முடியாத காரணங்கள்: அணி ஒற்றுமை, தலைமைப் பண்பு, அனுசரணை. 1920இல் பாலூ அணியிலிருந்து கழற்றிவிடப்பட்டார், தம்பி விட்டலுக்குத் தலைமை மறுக்கப்பட்டது. சகோதரர்கள் வெளியேறினார்கள். 1923இல்தான் விட்டல் இந்துக்கள் அணியின் தலைவரானார். (1937 தேர்தலில் இதே பாலூ காங்கிரஸ் வேட்பாளராக அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார் என்பது வரலாற்றின் இன்னொரு முடிச்சு. அதைத் தனியாகத்தான் அவிழ்க்க வேண்டும்.)

ஆக, ஏலக்காரன் கையில் கூறு போடும் கத்தியாக இருக்கிற எண், பாலூ கையில் வேறொன்றாக இருந்தது. அணி என்ற சொல்லும் அப்படித்தான். பாய்மரப் படகில் அது உயிர், இந்து ஜிம்கானாவில் அது கதவு.

சடுகுடுவுக்குத் திரும்புகிறேன். தூத்துக்குடிப் பக்கத்து மணத்தி கிராமத்திலிருந்து போன கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்தார், 1995க்கான அர்ஜுனா விருது பெற்றார். அவர் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் 2025இல் 'பைசன் காளமாடன்' எடுத்தார். படத்தில் சாதிப் பகையும் தேர்வுக்குழுவும் எப்படிக் குறுக்கே வருகின்றன என்பதைப் பார்த்தவர்கள் அறிவார்கள். நான் கேட்பது எளிய கேள்வி. கணேசன் தன் காலத்தில் எத்தனை ரைடு போனார், எத்தனை தொட்டார்? இன்றைய லீக் ஆட்டக்காரன் ஒருவனுக்கு இருப்பதுபோல அப்படியொரு பதிவேடு அவருக்கு இல்லை. அவருக்கு விருதாவது இருந்தது. விருது வரை போகாத ஆயிரம் பேருக்கு டீக்கடை நினைவு மட்டும்தான். அந்த நினைவை எழுதுகிறவர்கள் யார் தெருப் பெரியவர்கள்? எண் வருவதற்கு முந்திய காலத்தை நாம் பொற்காலமாக்கிவிட முடியாது. எண்ணில்லாத இடத்தில் சாதி எண்ணிக்கொண்டிருந்தது.

பெண்களைப் பற்றியும் ஒரு வரி. 2016இல் லீக்கோடு ஒட்டவைத்து மூன்று அணிகளுடன் பெண்கள் போட்டி ஒன்று நடந்தது, அந்த ஆண்டோடு அது நின்றுபோனது. புள்ளியைப் பண்டமாக்குகிறார்கள் என்ற நம் விமர்சனம்கூட ஆண்களுக்கே வாய்த்திருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன்னால் கடற்கரையோர ஊரொன்றில் இரவுக் கபடி பார்க்கப் போயிருந்தேன். டியூப்லைட் வெளிச்சம், உப்புக் காற்று, மைக்கில் ஊர்ப் பெரியவர்களின் பெயர்கள் ஓயாமல். புள்ளி எழுதுகிறவரிடம் நோட்டை வாங்கிப் பார்த்தேன். இரண்டு பத்தி, இரண்டு ஊர், கீற்றுக் கீற்றாய்க் கோடுகள். யார் எடுத்த புள்ளி என்று எதுவுமில்லை. கேட்டதற்கு, 'அதெல்லாம் எதுக்கு சார், ஊருக்குத்தான புள்ளி' என்றார். நியாயமாகத்தான் பட்டது.

ஆட்டம் முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் ஜெயித்த அணிப் பையன் ஒருத்தன் பேச்சுக் கொடுத்தான். காலனிப் பையன், அன்றைக்கு அதிகம் தொட்டவன் அவன்தான். மாவட்டத் தேர்வுக்கு இரண்டு தடவை போய் வந்தானாம். 'டீமுக்கு செட் ஆகமாட்டேன்னு சொல்லிட்டாங்கண்ணே.' பையிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினான். தேதி, ஊர், எதிரணி, போன ரைடு, தொட்டது, மாட்டினது எல்லாம் அவனே எழுதியது. மாட்டினதையும் விடாமல் எழுதியிருந்தான். அன்றைய பக்கம் இன்னும் காலி. பேனா இருக்கா அண்ணே என்று கேட்டான்.