பூட்டிய அறை விளையாட்டு: போகுமுன் கேட்க வேண்டியவை

‘எஸ்கேப் ரூம்’ 2007இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் தொடங்கிய விளையாட்டு. குழுவாக ஓர் அறைக்குள் போய், புதிர்களை அவிழ்த்து, பெரும்பாலும் 60 நிமிடங்களுக்குள் வெளியேற வேண்டும்.

வன்னியிலிருந்து நாங்கள் ஆறு பேர் நுவரெலியாவுக்குச் சுற்றுலா போகத் திட்டமிட்டபோது, இதையும் சேர்க்கலாம் என்றேன். போர்க்காலத்தில் பதுங்குகுழிக்குள் கிடந்த தோழி ஒருத்தி, “கதவைப் பூட்டினால் எனக்கு மூச்சு முட்டும்” என்றாள். எனக்கு அது முதலில் தோன்றவே இல்லை.

ஆகவே, பதிவு செய்யுமுன் உங்கள் குழுவினரிடம் தனித்தனியே கேளுங்கள். நடத்துபவரிடமும் கேளுங்கள்: கதவை உள்ளிருந்தே திறக்கலாமா? அவசர வழி எங்கே? இருட்டு, வெடிச்சத்தம் உண்டா? இடையில் ஒருவர் வெளியேறலாமா? 2019 ஜனவரியில் போலந்தின் கொஷாலின் நகரில் இத்தகைய இடமொன்றில் தீப்பிடித்து, 15 வயதுச் சிறுமியர் ஐவர் இறந்தனர்.

நாங்கள் அறையை விட்டுவிட்டு, புதிர்களை விக்டோரியா பூங்காவுக்கும் கிரகறி வாவிக்கரைக்கும் கொண்டுபோனோம். மூவர் மூவராக இரண்டு அணி. பெயர்ப்பலகைகளும் மரங்களும்தான் துப்புகள். கடைசியில், நான்கு இலக்கப் பூட்டுப் போட்ட பிஸ்கட் பெட்டி. ஆளுநர் வில்லியம் கிரகறி காலத்தில் வாவி அமைக்கப்பட்ட ஆண்டே திறவுகோல். 1873 என்று சுழற்றித் திறந்தவள் அந்தத் தோழிதான்.