கெர்னல் வைத்திருக்கும் கணக்குப் புத்தகம்

மக்களே, எங்க ஊர்ப் பக்கம் காட்டாக்கடை. முன்பு நெய்யாற்றின்கரை தாலுகாவில் இருந்தது, 2014-இல்தான் காட்டாக்கடை தனித் தாலுகா ஆனது. பாறசாலையைத் தாண்டினால் களியக்காவிளை, அங்கேயே தமிழ்நாடு தொடங்கிவிடும். 1956 நவம்பர் 1-இல் கோடு போட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் அந்தப் பக்கம் போயின. நெய்யாற்றின்கரை இந்தப் பக்கமே நின்றுவிட்டது. அந்த வழக்கைப் பெரியவர்கள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள், நான் அதற்குள் போகவில்லை. இந்தப் பக்கம் நின்றதில் எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்த ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் இந்தப் பதிவு.

அதுதான் பள்ளிக்கூடத்து லினக்ஸ். 2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரத்துக்கு வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தார். ஏறக்குறைய அதே காலத்தில் கேரள அரசின் ஐடி@ஸ்கூல் திட்டமும் ஆரம்பித்தது. 2006-இல் வி.எஸ். அச்சுதானந்தன் முதல்வரான பிறகு பள்ளிகளை லினக்ஸுக்கு மாற்றும் வேலை வேகம் பிடித்தது. 2017-இல் ஐடி@ஸ்கூல் 'கைட்' என்ற அரசு நிறுவனமாக மாறியது. கேரளப் பாடநூல்கள் தமிழ் வழியிலும் வருவதால் எங்கள் எல்லைக் கிராமத்துப் பிள்ளைகளும் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வளர்ந்தவர்கள்தான்.

அப்படி வளர்ந்த என் அக்கா மகன், வீட்டில் புதிதாக ஒரு லினக்ஸை ஏற்றிவிட்டு எனக்குப் போன் போட்டான். "மாமா, நெட்டு கிட்டல்ல. ஐஎஃப்கான்ஃபிக் அடிச்சா அப்படி ஒரு கமாண்டே இல்லேண்ணு சொல்லுது. பள்ளிக்கூடத்துல உண்டே, இதுல எங்க போச்சு?" 'ஐபி அட்ரஸ்' என்று அடிக்கச் சொன்னேன், சுருக்கமாக 'ஐபி ஏ'. வேலை முடிந்தது. ஆனால் அவன் கேட்ட 'எங்க போச்சு' நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல 1983-க்குப் போக வேண்டும்.

நான் பி.காம். கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. 2000-களின் தொடக்கத்தில் நான் வேலை பார்த்த வங்கிக் கிளையில் ஒரு யூனிக்ஸ் சர்வர் இருந்தது. அதன் கையேட்டைப் பொறுமையாகப் படிக்கத் தயாராக இருந்த ஒரே ஆள் நான் என்பதால் ரூட் பாஸ்வேர்டு வைத்த கவர் என் பெயரில் லாக்கருக்குள் போனது. அன்றைக்குப் பிடித்த பழக்கம்தான் இது. ஆகவே கணக்குப் பிள்ளையின் மொழியிலேயே சொல்கிறேன்.

கெர்னல் என்பது இயங்குதளத்தின் உள்அறை. நெட்வொர்க் கார்டு, வைஃபை எல்லாம் அதன் பொறுப்பு. கார்டின் பெயர் என்ன, ஐபி முகவரி என்ன, இணைப்பு இருக்கிறதா, எத்தனை பைட் வந்தது, எத்தனை போனது என்கிற கணக்கு முழுவதும் அதன் நினைவகத்தில் ஒரு பேரேடாக இருக்கிறது. வெளியே ஓடும் நிரல்கள் ஸ்ட்ராங் ரூமுக்குள் நேராக நுழைய முடியாது, கவுண்டரில்தான் கேட்க வேண்டும். அந்தக் கவுண்டரை எப்படி அமைப்பது என்பதில்தான் நாற்பது வருடமாக மாற்றி மாற்றி யோசித்திருக்கிறார்கள்.

முதல் கவுண்டர் பெர்க்லியில் வந்தது. 1983-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் வெளியிட்ட 4.2 பிஎஸ்டி யூனிக்ஸில் இணையத்துக்கான சாக்கெட் ஏற்பாடும் ஐஎஃப்கான்ஃபிக் கட்டளையும் சேர்ந்தே பிறந்தன. யூனிக்ஸில் எல்லாமே கோப்பு என்று பெருமையாகச் சொல்வார்கள். டிஸ்க், டேப், பிரிண்டர், டெர்மினல் எல்லாவற்றுக்கும் 'டெவ்' அடைவில் ஒரு கோப்பு உண்டு. நெட்வொர்க் கார்டுக்கு மட்டும் கிடையாது! பதிலாக, 1979-இன் ஏழாம் பதிப்பு யூனிக்ஸிலிருந்து வந்த 'ஐஆக்டல்' என்ற பொது வழியைப் பயன்படுத்தினார்கள். ஐஆக்டல் என்றால் எண் போட்ட சலான் என்று வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் 16-அடிமான எண்ணில் 8915 என்றால் 'இந்தக் கார்டின் முகவரியைச் சொல்', 8916 என்றால் 'முகவரியை மாற்று'. சலானில் கார்டின் பெயர் எழுத 16 பைட் கட்டம் இருக்கிறது. முடிவுக்குறிக்கு ஒன்று போக 15 எழுத்துதான் மிஞ்சும். ஒரு சலானுக்கு ஒரு கேள்வி, ஒரு பதில், அவ்வளவுதான்.

1983-இல் இது தாராளமாகப் போதும். ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு கார்டு, ஒரு கார்டுக்கு ஒரு முகவரி. லினக்ஸ் 1991-இல் பிறந்து வளர்ந்தபோது இதே சலான்களை எடுத்துக்கொண்டது.

பிறகுதான் கணக்கு இடித்தது. ஒரே கார்டில் பல முகவரிகள், பல ரூட்டிங் அட்டவணைகள் எல்லாம் தேவைப்பட்டன. 1999 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 2.2-இல் ரஷ்யரான அலெக்ஸி குஸ்நெட்சோவ் பெரும்பகுதியை மாற்றி எழுதினார். 'நெட்லிங்க்' என்ற இரண்டாவது கவுண்டர் உருப்படியாக வந்தது அதில்தான். அதற்கு அவர் எழுதிய கருவித் தொகுப்புதான் ஐபிரூட்2, அதற்குள் இருப்பதுதான் 'ஐபி' கட்டளை. 2003-இல் நெட்லிங்க் முறை ஆர்எஃப்சி 3549 என்ற இணைய ஆவணமாகவும் பதிவானது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், கேட்காமலே தகவல் வருவது. ஐஆக்டலில் நாம் போய்க் கேட்டால்தான் பதில். பாஸ்புக்கைக் கையில் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போகிற மாதிரி. நெட்லிங்க்கில் கேபிளைப் பிடுங்கினால் கெர்னல் தானாகவே சொல்லிவிடும். பணம் எடுத்தவுடன் போனுக்கு எஸ்எம்எஸ் வருகிறதே, அதேதான். 'ஐபி மானிட்டர்' என்று அடித்துவிட்டு வைஃபையை அணைத்துப் போட்டுப் பாருங்கள், வரி வரியாக ஓடும்.

சரி, பழைய கவுண்டரும் திறந்துதானே இருக்கிறது, ஐஎஃப்கான்ஃபிக்கை ஏன் ஒதுக்கினார்கள்? இதுதான் முக்கியம். 'ஐபி' கட்டளையால் ஒரு கார்டுக்கு இரண்டாவது முகவரியைத் தனிப் பெயர்ச்சீட்டு இல்லாமல் சேர்த்துவிட்டு ஐஎஃப்கான்ஃபிக்கில் பார்த்தால் முதல் முகவரி மட்டும்தான் தெரியும். இரண்டாவது வேலை செய்துகொண்டே இருக்கும், அதன் வழியாக ஆட்கள் உள்ளே வருவார்கள் போவார்கள், ஆனால் அறிக்கையில் இருக்காது. கட்டளை பொய் சொல்லவில்லை. அது நிரப்பிக் கொடுக்கும் சலானில் ஒரு முகவரிக்குத்தான் கட்டம் இருக்கிறது. வங்கியில் ஒரு கணக்கில் இரண்டு பதிவு இருந்து ஸ்டேட்மென்டில் ஒன்று மட்டும் அச்சானால் ஆடிட்டர் சும்மா விடுவாரா? சர்வரின் எந்த வாசல் திறந்திருக்கிறது என்று பார்க்கிற ஆளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அதனால்தான் பல லினக்ஸ் வெளியீடுகள் ஐஎஃப்கான்ஃபிக் அடங்கிய தொகுப்பைத் தாமாகப் பதிப்பதை நிறுத்தின. வேண்டுமென்றால் இன்றும் தனியாக நிறுவிக்கொள்ளலாம்.

இன்னொரு கணக்குக் கோளாறும் இருந்தது. 32 பிட் கம்ப்யூட்டர்களில் வந்த பைட்டை எண்ணும் பத்தி 32 பிட் அகலம். 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295 வரை ஏறும், அடுத்த பைட்டில் பூஜ்யம்! 100 மெகாபிட் கார்டு முழு வேகத்தில் ஓடினால் ஆறு நிமிடத்துக்குள் பத்தி நிரம்பிவிடும். ஒய்2கே பயத்தில் கழிந்த 1999 டிசம்பர் ஞாபகம் இருக்கிறவர்களுக்கு இந்த வியாதி புரியும். 2010-இல் வந்த 2.6.35 கெர்னலில்தான் நெட்லிங்க் வழியாக 64 பிட் எண்ணிக்கை கிடைத்தது.

மூன்றாவது வழி கவுண்டரே இல்லாமல் படிப்பது. பெல் லேப்ஸில் யூனிக்ஸை உருவாக்கியவர்களே, தாங்கள் விட்டுவைத்த குறையைச் சரிசெய்வது போல, பிளான் 9 என்ற அடுத்த இயங்குதளத்தில் நெட்வொர்க்கையும் '/நெட்' என்ற அடைவுக்குள் கோப்புகளாக வைத்தார்கள். பிளான் 9 பரவவில்லை, யோசனை பரவியது. லினக்ஸில் '/ப்ராக்' அடைவுக்குள் நெட்வொர்க் கணக்குகள் ஏற்கனவே இருந்தன, ஆனால் ஒரே கோப்பில் எல்லாப் பத்திகளும் நெருக்கியடித்துக்கொண்டு. 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலில் '/சிஸ்' அடைவு வந்தது. '/சிஸ்/கிளாஸ்/நெட்' உள்ளே போனால் ஒவ்வொரு கார்டுக்கும் ஓர் அடைவு. அதற்குள் 'அட்ரஸ்' என்ற கோப்பில் கார்டின் மேக் எண், 'எம்டியு'வில் ஒரே தடவையில் அனுப்பக்கூடிய அளவு, 'ஆப்பர்ஸ்டேட்'டில் இணைப்பு உண்டா இல்லையா. கோப்புக்கு ஒரு விவரம், இதுதான் விதி. இவை உண்மையில் டிஸ்கில் இல்லை, திறக்கும் நொடியில் கெர்னல் தன் பேரேட்டைப் பார்த்து எழுதிக் காட்டுகிறது. படிக்க எந்தக் கருவியும் வேண்டாம், 'கேட்' என்ற சாதாரணக் கட்டளை போதும். பொதுவாக யாரும் படிக்கலாம், மாற்ற மட்டும் ரூட் அதிகாரம் வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளை யார் அனுமதியும் கேட்காமல் தன் முன்னால் இருக்கும் இயந்திரத்தின் கணக்கைப் பார்க்க முடிகிறது இல்லையா, அது பெரிய விஷயம் என்று நினைக்கிறேன்.

பெயர் விவகாரம் தனிக் கதை. பழைய லினக்ஸில் முதல் கார்டு 'ஈத்0', அடுத்தது 'ஈத்1'. எந்தக் கார்டைக் கெர்னல் முதலில் கண்டுபிடிக்கிறதோ அதற்கு 0. இரண்டு கார்டு உள்ள கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் பெயர்கள் இடம் மாறலாம். 2013 ஜனவரியில் வந்த சிஸ்டம்டி 197-லிருந்து கார்டு செருகிய இடத்தை வைத்துப் பெயர், 'ஈஎன்பி3எஸ்0' மாதிரி. மாறாது, வாயிலும் நுழையாது :-) ஆனால் 15 எழுத்து எல்லை அப்படியே இருந்தது. ஆங்கிலத்தில் நெய்யாற்றின்கரை 13 எழுத்து, கார்டுக்கு வைக்கலாம். திருவனந்தபுரம் 18, முடியாது. தமிழிலோ ஒரு குறிக்கு 3 பைட், 'காட்டாக்கடை'க்கு 33 பைட் வேண்டும். 2020 ஜனவரியில் வந்த 5.5 கெர்னல்தான் ஒரு கார்டுக்கு மாற்றுப் பெயர்களும் வைக்கலாம், 127 பைட் வரை போகலாம் என்றது. அதையும் நெட்லிங்க் வழியாகத்தான் வைக்க முடியும், பழைய சலானில் அதற்குக் கட்டமே இல்லை. ஒரே ஊருக்கு மலையாளத்தில் ஒரு பெயர்ப்பலகையும் தமிழில் ஒன்றும் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது புதிதில்லை.

கடைசியாக உங்கள் கையில் இருக்கும் போன். ஆண்ட்ராய்டுக்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான், இதே பேரேடுதான். ஆனால் அங்கே வாசிப்பவர் நாம் இல்லை, நாம் இறக்கிய செயலிகள். மாறாத மேக் எண் கிடைத்துவிட்டால் ஒரு விளம்பரக்காரன் ஆளை அடையாளம் வைத்துவிடலாம். அதனால் 2019-இல் ஆண்ட்ராய்டு 10 செயலிகளுக்கு '/ப்ராக்/நெட்' கதவைச் சாத்தியது, 2020-இல் ஆண்ட்ராய்டு 11 நெட்லிங்க் வழியாக மேக் எண் கேட்பதையும் தடுத்தது. திறந்த புத்தகத்தை விரும்புகிற எனக்கும் இது சரியாகவே படுகிறது. என் பாஸ்புக்கை நான் படிப்பது வேறு, கடைக்காரர் படிப்பது வேறு.

ஆண்ட்ராய்டு 10-லிருந்து புதிதாகச் சேரும் ஒவ்வொரு வைஃபைக்கும் போன் ஒரு கற்பனை மேக் எண்ணைத்தான் கொடுக்கிறது. இங்கே நம்மைப் போல ஃபிளாட்டில் நாலு குடும்பம் ஒரே இணைப்பைப் பங்கிட்டுக்கொண்டு, ரௌட்டரில் மேக் எண் பட்டியல் போட்டு வைத்திருக்கும் வீடுகளில் புதுப் போன் இணையாது. அந்த வைஃபையின் அமைப்பில் பிரைவசி என்ற இடத்தில் போனின் சொந்த மேக் எண்ணைத் தேர்ந்தெடுத்தால் இணையும்.