சென்ட்டைத் தந்த சங்கிலி

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நிலத்துக்கு விலை பேசுவது சென்ட் கணக்கில்தான். பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று அச்சிட்டிருந்தாலும் வாங்குபவர் வாயிலும் விற்பவர் வாயிலும் வருவது சென்ட். அந்தச் சென்ட்டுக்குள் ஒரு சங்கிலி இருக்கிறது. இங்கிலாந்துக் கணிதர் எட்மண்ட் கன்டர் 1620இல் வகுத்த அளவைச் சங்கிலியின் நீளம் 66 அடி. அதில் 100 லிங்க். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர், ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட். கிரிக்கெட் பிட்சின் 22 கஜமும் இதே சங்கிலியின் நீளம்தான். இன்று கோல்ஃப் ஆட்டக்காரர்களுக்கென்று செய்யப்பட்ட லேசர் தூரமானி, கைக்கு அடக்கமாகவும் பலர் வாங்கக்கூடிய விலையிலும் கிடைக்கிறது. பொத்தானை அழுத்தினால் எதிர் மூலைக்கல் எத்தனை மீட்டர் என்று சொல்லிவிடும். அப்படியிருக்க மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பு பார்க்கப் போகிறவருக்குப் பழைய சங்கிலிக் கணக்கு எதற்கு? இந்த வட்டாரத்து நில அளவையின் வரலாற்றைப் பார்த்தால், ஓர் அளவு நிலைத்து நிற்பது அதை இன்னொருவர் திரும்ப அளந்து சரிபார்க்க முடிகிறபோதுதான் என்று தெரிகிறது. கருவியின் விலையும் புதுமையும் அதற்கு அடுத்தவைதான்.

சங்கிலிக்கு முன்னால் கோல் இருந்தது. முதலாம் ராஜராஜன் 1001இல் நிலம் அளக்கச் செய்தான். பாண்டிய நாட்டுக் கல்வெட்டுகள் சுந்தரபாண்டியன் கோலைச் சொல்கின்றன. கோலின் நீளம் இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறியது உண்மை. ஆனால் தமிழ்நாட்டின் பல கோயில் சுவர்களில் அந்தக் கோலின் நீளத்தையே கல்லில் கோடாகச் செதுக்கி வைத்தார்கள். வரி அதிகாரி கொண்டுவந்த கோல் நீளமா குட்டையா என்று சந்தேகம் வந்தால், சுவரில் வைத்துப் பார்க்கலாம். இதை நான் பெரிய சாதனையாகக் கருதுகிறேன். அளவுகோல் அதிகாரியின் கையிலிருந்து ஊரின் பொதுவிடத்துக்கு வந்துவிட்டது. இதோடு ஒப்பிட, தென்பகுதியில் நெடுங்காலம் புழங்கிய கோட்டை விரைப்பாடும் மரக்கால் விதைப்பாடும் வேறு வகை. இத்தனை விதை விதைக்கும் நிலம் என்பது விவசாயிக்குப் பயனுள்ள கணக்கு. ஆனால் மண்ணும் விதைக்கும் கையும் மாறினால் பரப்பும் மாறும். வழக்கு வந்தால் அதைத் திரும்ப அளந்து காட்ட வழியில்லை.

விலை உயர்ந்த கருவியின் கதையும் இங்கேதான் நடந்தது. ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீள அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். கோணம் அளக்கும் அவருடைய பெரிய தியோடலைட் ஏறத்தாழ அரை டன் எடை. தஞ்சைச் சமவெளியில் குன்றுகள் இல்லாததால் கோபுரங்களையே அளவை நிலையங்களாக்கினார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் கருவியை மேலே ஏற்றும்போது அது மோதிச் சேதமாக, வாரக்கணக்கில் உட்கார்ந்து தாமே சீர்செய்தார். அந்த நிலையங்களை இணைத்த முக்கோணத் தொடர் தெற்கே கன்னியாகுமரிப் பக்கம்வரை இறங்கியது. இத்தனை அருமையான கருவி இருந்தும் அவர் அதை மட்டும் நம்பவில்லை. தொடக்கத்தில் எஃகுச் சங்கிலியால் தரையில் அளந்தார். முக்கோணங்கள் வழியே தூரத்தைக் கணக்கிட்டார். பெங்களூரிலும் பாளையங்கோட்டைப் பக்கத்திலும் மறுபடி தரையில் அளந்து, கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தார். பெங்களூரில் வித்தியாசம் சில அங்குலம்தான். அந்த ஒத்துப்போதலால்தான் தியோடலைட்டின் சொல்லுக்கு மதிப்பு வந்தது.

லாம்டன் அளந்தது பூமியின் வடிவத்தை. வயலை அளக்கும் வேலை, சென்னை மாகாணம் 1858இல் நில அளவைக்கும் வரித்திட்டத்துக்கும் தனி ஏற்பாடு செய்த பிறகுதான் சூடுபிடித்தது. அப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1910இல் ராமநாதபுரத்துக்கும் 1985இல் இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்கும் மாறியது. அரசின் நேரடி ரயத்துவாரி கிராமங்களில் பைமாஷ் என்ற பழைய அளவையின் எண்கள் போய்ப் புல எண்கள் வந்தன. சேத்தூர் போன்ற ஜமீன்களின் நிலை வேறு. 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே அத்தகைய கிராமங்கள் பெரும்பாலும் ரயத்துவாரி முறைக்குள் வந்தன. ஒவ்வொரு புல எண்ணுக்கும் ஒரு புலப்படம் வரைந்தார்கள். நிலத்தின் நடுவே ஒரு நேர்கோடு, அதிலிருந்து ஒவ்வொரு வளைவுக்கும் குத்துத் தூரம், எல்லாம் லிங்க் கணக்கில். சங்கிலியில் பத்து லிங்க்குக்கு ஒரு பித்தளை வில்லை தொங்கும். அதன் பற்களின் எண்ணிக்கையைப் பார்த்தோ தடவியோ நீளம் சொல்லிவிடலாம், படிப்பு வேண்டியதில்லை. இழுபட்டு நீண்ட சங்கிலியை நிலையான அளவோடு ஒப்பிட்டுத் திருத்தவும் முடிந்தது.

இதெல்லாம் வரி வசூலுக்கான ஏற்பாடுதானே, மக்களுக்கு இதில் என்ன பெருமை என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அளக்க வந்தவரைக் கண்டு குடியானவர் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. ஆயினும் அரசு தன் தேவைக்கு எழுதிய அதே புலப்படத்தை வைத்துத்தான் இன்று அண்ணன் தம்பி பாகப்பிரிவினை நடக்கிறது, ஓடைப் புறம்போக்கு ஆக்கிரமிப்பு நிரூபிக்கப்படுகிறது. எண்கள் வெளியே எழுதப்பட்டதால் எளியவருக்கும் அவை சாட்சியாயின. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டம், மக்கள் வழக்கில் யூ.டி.ஆர்., பதிவேடுகளை மெட்ரிக் அளவுக்கு மாற்றியது. அதில் புகுந்த பெயர்ப் பிழைகளுக்கும் பரப்புப் பிழைகளுக்கும் இன்றும் மனுக்கள் போகின்றன. அந்தப் பிழைகளைத் திருத்த எடுத்துப் பார்ப்பது பழைய பதிவேட்டையும் பழைய புலப்படத்தையும்தான்.

இப்போது லேசருக்கு வருவோம். 150 மீட்டரில் உள்ள பொருளைத் தொட்டு ஒளி திரும்ப ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஆகிறது. அந்த நேரத்தை எண்ணித்தான் கருவி தூரத்தைச் சொல்கிறது. சாதாரணக் கோல்ஃப் கருவியின் துல்லியம் ஒரு கஜம் கூடக் குறைய. கொடைக்கானல் மைதானத்தில் எந்த மட்டையை எடுப்பது என்று முடிவு செய்ய அது தாராளம். ஒரு மட்டைக்கும் அடுத்ததற்கும் பத்துக் கஜமளவு வித்தியாசம் இருக்கும். நிலத்துக்கு அது போதாது. சதுரமான ஓர் ஏக்கரின் பக்கம் சுமார் 63.6 மீட்டர். ஒரு பக்கத்தில் ஒரு மீட்டர் தவறினால் ஒன்றரை சென்ட் போய்விடும். அதே ஏக்கரின் பக்கம் 316 லிங்க். ஒரு லிங்க் தவறினால் சென்ட்டில் மூன்றில் ஒரு பங்குதான் போகும். நானூறு ஆண்டுப் பழைய சங்கிலி இந்த வேலைக்கு இன்றைய மலிவு லேசரைவிடக் கூர்மையானது.

சங்கிலியைத் தளர்த்திப் பிடித்து ஏமாற்றலாமே, லேசரில் அந்த வாய்ப்பு இல்லையே என்ற எதிர்வாதத்திலும் உண்மை உண்டு. ஆனால் சங்கிலி தளர்ந்தால் பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியும். லேசர் மூலைக்கல்லை விட்டுவிட்டு நடுவில் நிற்கும் தென்னை மட்டையைத் தொட்டுத் திரும்பினால் திரையில் அதுவும் தெளிவான எண்ணாகத்தான் வரும். கோல்ஃப் கருவிகள் கொடிக்கம்பைப் பிடிப்பதற்காக அருகிலுள்ள பொருளுக்கே முதலிடம் தருபவை. தோப்புக்குள் இது பெருங்குறை. சரிவு இன்னும் முக்கியம். பட்டாவில் இருப்பது கிடைமட்டப் பரப்பு. 15 பாகை ஏற்றத்தில் 100 மீட்டர் என்று கண்ட தூரம் கிடைமட்டத்தில் 96.6 மீட்டர்தான். கோல்ஃப் கருவியின் சரிவுத் திருத்தமோ பந்து மேலே ஏற வேண்டும் என்பதற்காக எண்ணைக் கூட்டிக் காட்டும். நிலத்துக்குக் குறைக்க வேண்டியதை அது கூட்டுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத் தோப்புகளில் இந்தப் பிழை சிறிதாக இராது.

ஆகவே மலிவான கருவி வாங்குபவர் எத்தனை ஆயிரம் கஜம் எட்டும் என்பதைப் பார்ப்பதைவிட, கிடைமட்டத் தூரத்தைத் தனியே காட்டுமா, தொலைவிலுள்ள பொருளுக்கு முதலிடம் தரும் அமைப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். வாங்கியதும் முதல் வேலை, இணையத்தில் அரசு தரும் புலப்படத்தை எடுத்து, அசையாமல் நிற்கும் இரண்டு சர்வே கற்களுக்கு இடையிலான எண்ணைக் குறித்துக்கொள்வது. பழைய படமானால் லிங்க்கை 0.2012ஆல் பெருக்கினால் மீட்டர். 500 லிங்க் என்றால் 100.6 மீட்டர். ஒரு கல்லின் மேல் வெள்ளை அட்டை பிடித்து, மற்றதிலிருந்து பலமுறை அளந்து சராசரி எடுத்தால், அந்தக் கருவியை எவ்வளவு நம்பலாம் என்பது அங்கேயே தெரிந்துவிடும். தோப்பின் அளவு ஏறக்குறைய சரிதானா என்று பார்க்க அது உதவும். கிரயத்துக்கு முன் கல் ஊன்ற நில அளவருக்கு மனுப் போட்டே ஆக வேண்டும்.