தனக்கென்று கேட்டவர்கள்

மார்க்கையன்கோட்டையில் என் அப்பத்தா எப்போதும் கடைசியாகத்தான் சாப்பிடுவார். நடவு நாட்களில் விடியுமுன் சோறாக்கி, வீட்டு ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போட்டுவிட்டு, மிஞ்சியதைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போவார். ஊர் அவரை நல்ல பொம்பளை என்றது. அதே தெருவில் தன் கூலியைத் தானே வைத்துக்கொண்ட இன்னொருத்திக்கு 'தன் வயித்த மட்டும் பாக்குறவ' என்று பெயர். இருவரும் ஒரே வயலில் குனிந்து ஒரே நாற்றை நட்டவர்கள். ஒருத்திக்கு நல்ல பேரும் மற்றவளுக்குக் கெட்ட பேரும் வந்தது ஒரே ஒரு கேள்வியால்: தனக்கென்று கேட்டாளா, இல்லையா?

தன்னலம் அறத்துக்கு அடித்தளமாக முடியுமா என்பது மெய்யியலில் பழைய விவாதம். அயன் ராண்ட் 1964இல் தன்னலத்தையே நற்பண்பு என்று தலைப்பிட்டு ஒரு நூல் வெளியிட்டார். அறிவோடு தன் நலம் தேடுகிறவர்களின் நலன்கள் ஒன்றோடொன்று மோதுவதில்லை என்பது அவர் வாதம். அந்த வாதத்தை நமக்குத் தெரிந்த ஒரு வரலாற்றில் வைத்துப் பார்ப்போம். அந்த வரலாறு நடந்த இடம் நம் மலைக்கு அந்தப் பக்கம், மூணாறு.

மூணாறு நமக்கு அந்நிய ஊரல்ல. ஒருகாலத்தில் அங்கே விளைந்த தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடம் வழியாகக் குரங்கணிக்கு இறங்கி, போடி வழியாக வெளியே போனது. அதைப் பறித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து மலையேறிய குடும்பங்கள், பெரும்பாலோர் தலித்துகள். தலைமுறைகள் கடந்தும் அவர்கள் லயங்களில்தான் இருந்தார்கள். கொழுந்து பறிப்பது பெண்கள் வேலை. அவர்களுக்காகப் பேசும் தொழிற்சங்கத் தலைமை மட்டும் ஆண்களுடையது.

2015 செப்டம்பரில் கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனியில் போனஸ் 10 சதவீதம் என்று ஆனது. அன்றைய நாள்கூலி 232 ரூபாய். பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு மூணாறு சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். கேட்டது 20 சதவீத போனஸ், 500 ரூபாய் கூலி. பெரிய சங்கங்களின் தலைவர்களை அவர்கள் கிட்டே சேர்க்கவில்லை. கட்சிக் கொடி இல்லாத அந்தக் கூட்டம் 'பெண்பிள ஒருமை' என்று பெயர் பெற்றது. லிசி சன்னி, கோமதி அகஸ்டின் போன்ற தொழிலாளிகளே முன்னால் நின்று பேசினார்கள். செப்டம்பர் 13 இரவு உடன்பாடு வந்தது: 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத்தொகை, ஆக 20.

இங்கே ஒரு முரண் உண்டு. 2005இல் இந்தக் கம்பெனி உருவானபோது தொழிலாளர்களுக்கும் அதில் பங்கு தரப்பட்டது. ஆகவே காகிதத்தின்படி கம்பெனியின் லாபமே அவர்கள் நலன். ராண்ட் சொன்ன மோதலற்ற நலன்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடைக்காது. ஆனாலும் கொழுந்து பறித்த கைக்குத் தெரிந்தது, இரண்டும் ஒன்றல்ல என்று. செலவைக் குறைப்பது நிர்வாகத்தின் நலன்; கூலி உயர்வது தொழிலாளியின் நலன். அவரவர் நலமே அறம் என்றால் இரண்டும் ஒருசேர அறமாகிவிடும். வலுத்தவர் வெல்வதைத் தவிர வேறு தீர்ப்பு இருக்காது. தன்னலம் மட்டுமே அடித்தளமானால், அதில் முதலில் இடிந்து விழுவது லயத்து வீடுதான்.

அப்படியானால் பெண்கள் தன்னலத்தைக் கைவிட வேண்டுமா? அதைத்தானே நூற்றாண்டுகளாகச் செய்தோம். பெண் ஏன் அடிமையானாள் நூலில் பெரியார் எச்சரித்தது இதைத்தான்: எலிக்கு விடுதலை வாங்கித் தரப் பூனை வராது, பெண்ணின் விடுதலையும் ஆணின் பெருந்தன்மையால் வராது. ஆண் சங்கத் தலைவர்களை விலக்கிய பெண்கள் அதை நடத்திக் காட்டினார்கள். அமெரிக்க உளவியலாளர் கரோல் கில்லிகன் 1982இல் வெளிவந்த தம் நூலுக்காகக் கருக்கலைப்பு பற்றி முடிவெடுக்க வேண்டியிருந்த பெண்களோடு பேசினார். தன்னை அழித்துக்கொள்வதே நன்மை என்று நம்பியிருந்த பெண், தான் பேண வேண்டியவர்களின் பட்டியலில் தன்னையும் சேர்த்துக்கொள்ளும் இடத்தை அவர் ஒரு வளர்ச்சியாகக் கண்டார். அப்பத்தா போட்ட பந்தியில் அவருக்கும் ஓர் இலை விழுவது போன்றது அது.

அந்த இலையைக் கேட்பதற்கு விலை உண்டு. 2017இல் அப்போதைய கேரள அமைச்சர் ஒருவர் அந்தப் போராட்டத்தைப் பற்றிப் பேசியபோது பெண்களின் நடத்தையை இழுத்தார். கூலி கேட்டவளுக்குப் பதில் அவள் ஒழுக்கத்தைப் பற்றி வந்தது. எங்கள் தெருவில் நடந்ததும் அதுதான்.

மூணாற்றுப் பெண்கள் 'எனக்கு' என்று கேட்டதில் அறம் எங்கே இருந்தது? அதே வேலையைச் செய்யும் எவளுக்கும் அது சேரும் என்று அவர்கள் ஒப்புக்கொண்டதில் இருந்தது. 2015 அக்டோபரில், இன்னொரு சுற்று வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, கேரளத்தில் தேயிலைக்கு 301, ஏலத்துக்கு 330 என்று நாள்கூலி முடிவானது. ஏலக்காடு அந்தப் பெண்களுடைய களமே இல்லை. அவர்கள் மூட்டிய போராட்டத்தின் பயன் அங்கேயும் போனது. தன்னலம் அநீதியைக் கண்டுபிடிக்கும். அது நீதியாவதற்கு 'நான்' 'நாம்' ஆக வேண்டும்.

அந்த 'நாம்' இன்னும் முடியவில்லை. பெண்பிள ஒருமைக்குள்ளேயே பிறகு பிளவு வந்தது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்துக் குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் ஏலக்காட்டுக்குப் போகிற பெண்களில் பலர் எந்தத் தோட்டத்துப் பதிவேட்டிலும் இல்லாத அன்றாடக் கூலிகள். அவர்களில் ஒருத்தி நாளை தனக்கென்று கேட்டால் நாம் என்ன பேர் வைக்கப்போகிறோம் என்பதில்தான் நம் அறம் இருக்கிறது.